செல்லுக்குச் செல் நகரும் புரதங்களும் செடி வைரஸ்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவரவியலும் வேளாண்மையும் படிக்கும் மாணவர்கள், தேமல் நோயில் பயிரைப் பறிகொடுத்த விவசாயிகள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் புகையிலைத் தேமல் வைரஸை வைத்தே பதில் சொல்கிறேன். இந்த விஷயத்தின் அடிப்படைகளை உலகம் கற்றுக்கொண்டது அந்த வைரஸிடமிருந்துதான்.

செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கெட்டியான சுவர் இருக்கிறதே, அதைத் தாண்டி எப்படி ஒன்று போக முடியும்?

சுவரில் துளை இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு செல்களின் சைட்டோபிளாசத்தையும் இணைக்கும் இந்த நுண்ணிய வழிகளுக்கு பிளாஸ்மோடெஸ்மாட்டா என்று பெயர். ஒரு செல்லில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 30 முதல் 50 நானோமீட்டர்.

ஆனால் அது வெறும் ஓட்டை இல்லை. துளையின் ஓரம் முழுக்க செல் சவ்வு படர்ந்திருக்கும். நடுவில் எண்டோபிளாச வலைப்பின்னலின் (செல்லுக்குள் பரவியிருக்கும் சவ்வு வலை) ஒரு மெல்லிய இழை ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு நேராக ஓடும். பேனாவுக்குள் ரீஃபில் இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீஃபிலுக்கும் பேனாவின் உட்சுவருக்கும் நடுவே இருக்கும் சந்துதான் பொருள்கள் போய்வரும் பாதை. அந்தச் சந்து மூன்று நான்கு நானோமீட்டர்தான்.

இதை முதலில் கண்டு எழுதியவர் எட்வர்ட் டாங்கல், 1879இல். அவர் பார்த்தது எதில் தெரியுமா? நம் ஊர்க் காட்டோரங்களில் வளரும் எட்டி மரத்தின் விதையில். அந்த விதையில் முளைக்கு உணவு சேர்த்து வைக்கும் முளைசூழ் தசையில் செல் சுவர்கள் அசாதாரணத் தடிமனாக இருக்கும். சாயம் ஏற்றியதும் சுவரைக் குறுக்கே கடக்கும் மெல்லிய கோடுகள் சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிந்தன. செல்கள் தனித்தனி அறைகள் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. அவை ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கின்றன என்று அவர் எழுதினார். பிளாஸ்மோடெஸ்மாட்டா என்ற பெயரை 1901இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் வைத்தார்.

அப்படியானால் வெங்காயத் தோலை வைத்துப் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்துவிடலாமா?

முடியாது. வெங்காயத் தோலின் சுவர் மிக மெல்லியது, துளையோ ஒளி நுண்ணோக்கியின் எல்லைக்குக் கீழே. கோடுகளைக் காண வேண்டுமென்றால் தடித்த சுவருள்ள விதைதான் வேண்டும். உள்ளே இருக்கும் அமைப்பைப் பார்க்க மின்னணு நுண்ணோக்கி இல்லாமல் ஆகாது. (எட்டி விதை கடும் விஷம். மாணவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.)

அந்தச் சந்து வழியாக எவ்வளவு பெரிய பொருள் போகும்?

முதிர்ந்த இலையில், தானாகப் பரவிப் போகக்கூடியது சுமார் ஆயிரம் டால்டன் எடை வரைதான் (டால்டன் என்பது மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு). சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு, சின்ன ஹார்மோன் எல்லாம் தாராளமாகப் போகும். ஒரு சராசரிப் புரதத்தின் எடை இதைப்போல முப்பது, நாற்பது மடங்கு. அது தானாகப் போகாது.

ஆனால் இந்த அளவு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 1999இல் புகையிலையில் ஒரு சோதனை செய்தார்கள். ஜெல்லி மீனிலிருந்து எடுத்த ஒளிரும் பச்சைப் புரதத்தை இலைச் செல்களில் உருவாக்கிப் பார்த்தார்கள். அதன் எடை 27 ஆயிரம் டால்டன். முற்றிய இலையில் அது தோன்றிய செல்லிலேயே நின்றது. இளந்தளிரிலோ பக்கத்துச் செல்களுக்கெல்லாம் பரவியது. 50 ஆயிரம் டால்டன் வரைக்குமே தளிர் வழிவிட்டது. இலை முற்ற முற்ற, நேராக இருந்த துளைகள் கிளைவிட்டுச் சிக்கலாகின்றன, வழியும் இறுகிவிடுகிறது. ஒரே செடி, ஒரே கிளை, இரண்டு இலைக்குள் இவ்வளவு வேறுபாடு.

வைரஸ் அந்தச் சந்தைவிடப் பெரியதாயிற்றே?

மிகப் பெரியது. புகையிலைத் தேமல் வைரஸ் ஒரு கம்பி வடிவம்: நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 18. மரபுச்செய்தியைச் சுமக்கும் ஓர் ஆர்.என்.ஏ. இழையைச் சுற்றி 2,130 உறைப் புரதங்கள் அடுக்கப்பட்டிருக்கும். மூன்று நான்கு நானோமீட்டர் சந்தில் இந்தக் கம்பி நுழையவே முடியாது. உறையைக் கழற்றிவிட்டு ஆர்.என்.ஏ.யை மட்டும் அனுப்பலாம் என்றால், அதுவும் சுருண்டு மடங்கிப் பெரிய உருண்டையாகத்தான் கிடக்கும்.

ஆகவே அந்தச் சந்தின் அகலத்தைக் கூட்ட வேண்டும், சுருண்ட இழையையும் நீட்டி மெலிதாக்க வேண்டும். இரண்டு வேலையையும் செய்ய வைரஸ் தன் மரபுக்குறிப்பிலேயே ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. அதன் எடை 30 ஆயிரம் டால்டன். அதை நகர்வுப் புரதம் என்கிறோம். வெறும் நான்கு புரதங்களை வைத்துப் பிழைக்கும் வைரஸ் அதில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது.

அந்தப் புரதத்தின் வேலை இதுதான் என்று எப்படி உறுதி செய்தார்கள்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1970களின் பிற்பகுதியில் ஜப்பானில் நிஷிகுச்சியும் உடன் ஆய்வாளர்களும் தக்காளியைத் தாக்கும் தேமல் வைரஸில் ஒரு விசித்திரமான வகையை ஆராய்ந்தார்கள். அதன் பெயர் எல்.எஸ்.1. 22 டிகிரி செல்சியஸில் அது வழக்கம்போல இலை முழுக்கப் பரவும். வெப்பத்தை 32 டிகிரிக்கு ஏற்றினால் பரவாது. வெப்பத்தில் வைரஸ் பெருக முடியாமல் போயிருக்கலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அதனால் சுவரை நீக்கிய தனிச் செல்களில் வைரஸை ஏற்றி, 32 டிகிரியில் வைத்துப் பார்த்தார்கள். நன்றாகவே பெருகியது! பிரச்சினை பெருகுவதில் இல்லை, பக்கத்துச் செல்லுக்குப் போவதில்தான் இருந்தது. பிறகு மரபுக்குறிப்பைப் படித்தபோது, அந்த 30 ஆயிரம் டால்டன் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது: புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் செரின்.

இது வலுவான சந்தேகம்தான், நிரூபணம் என்று சொல்ல முடியாது. நிரூபணம் 1987இல் வந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ராஜர் பீச்சியின் குழு, அந்த ஒரு மரபணுவை மட்டும் புகையிலைச் செடிக்குள் புகுத்தியது. இப்போது செடியே நகர்வுப் புரதத்தைச் செய்கிறது. அந்தச் செடியில் எல்.எஸ்.1 வைரஸை ஏற்றி 32 டிகிரியில் வைத்தார்கள். பரவியது. வைரஸிடம் பழுதாகிப்போன கருவியைச் செடி கொடுத்ததும் ஓட்டம் திரும்பிவிட்டது.

அப்புறம் 1989இல் அதே செடிகளை எடுத்துக்கொண்டு, வில்லியம் லூகாஸின் குழுவுடன் சேர்ந்து இன்னொரு சோதனை. வெவ்வேறு எடையுள்ள ஒளிரும் சாயங்களை ஒவ்வொரு செல்லாக ஊசியால் செலுத்தினார்கள். சாதாரணச் செடியில் 700, 800 டால்டனோடு நின்றுபோன ஓட்டம், நகர்வுப் புரதம் உள்ள செடியில் 9,400 டால்டன் வரை போனது. பத்து மடங்குக்கும் மேல். வைரஸே இல்லாத செடி, வைரஸின் ஒரு புரதம் மட்டும் இருக்கிறது, வழி அகன்றுவிட்டது.

1990இல் கடைசித் துண்டும் கிடைத்தது. அதே புரதம் ஆர்.என்.ஏ. இழையோடு வரிசையாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பிறகு இழை நீண்டு மெலிந்து, ஏறத்தாழ இரண்டு நானோமீட்டர் தடிமனுக்கு வந்துவிடுகிறது. அகன்ற சந்தில் அது நுழையும்.

செல்லுக்குள் நடப்பதை வரிசையாகச் சொல்ல முடியுமா?

பூச்சியோ, கத்தியோ, உராய்வோ ஏற்படுத்திய சின்னக் காயம் வழியாக வைரஸ் முதல் செல்லுக்குள் நுழைகிறது. உறை கழல்கிறது. எண்டோபிளாச வலைப்பின்னலின் மேல் அமர்ந்து நகலெடுக்கத் தொடங்குகிறது. நகர்வுப் புரதம் உருவாகி அதே சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சவ்வுதான் துளையின் நடுவே ஓடும் இழையாகவும் தொடர்கிறது என்பதைக் கவனியுங்கள். வைரஸ் புதிதாகப் பாதை தேட வேண்டியதில்லை, நிற்கும் தரையே துளைக்குள் போகிறது. செல்லுக்குள் தண்டவாளம்போல ஓடும் ஆக்டின் என்ற புரத இழைகளும் இந்தப் பயணத்துக்கு உதவுகின்றன. துளை வாயில் வந்ததும் நகர்வுப் புரதம் அதைத் தளர்த்துகிறது. ஆர்.என்.ஏ. அடுத்த செல்லுக்குப் போய், அங்கே மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

நகர்வுப் புரதமேகூட அடுத்த செல்லுக்குப் போகிறது. செல்லுக்குச் செல் புரதம் நகர்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எல்லாச் செடி வைரஸ்களும் இதே வழியா?

இல்லை. காராமணித் தேமல் வைரஸின் நகர்வுப் புரதங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குழாய் கட்டுகின்றன. துளையின் நடுவே ஓடிய இழை காணாமல் போய், அந்த இடத்தில் குழாய் நிற்கிறது. 28 நானோமீட்டர் அளவுள்ள முழு வைரஸ் உருண்டைகள், உறையோடு அப்படியே, ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் வரிசைகட்டிப் போவதை மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் பார்க்கலாம். காலிஃபிளவர் தேமல் வைரஸும் இந்த வகைதான். உருளைக்கிழங்கு எக்ஸ் வைரஸ் மூன்று புரதங்களை வைத்து அதே வேலையைப் பங்குபோட்டுச் செய்கிறது. வெள்ளரித் தேமல் வைரஸுக்கு நகர்வுப் புரதத்தோடு உறைப் புரதமும் தேவை.

நம் ஊர் மரவள்ளித் தேமலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் குச்சிக்கிழங்கு வயலில் இலை சுருங்கி, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணமான இந்திய மரவள்ளித் தேமல் வைரஸும் இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸும் ஆர்.என்.ஏ. வைரஸ்கள் இல்லை. இவற்றின் மரபுப்பொருள் டி.என்.ஏ., அதுவும் இரண்டு தனித்தனி வட்டங்களாக இருக்கும். ஏ வட்டம் பெருகுவதையும் உறையையும் பார்த்துக்கொள்கிறது. பி வட்டத்தில் இருப்பவை இரண்டே மரபணுக்கள், இரண்டுமே நகர்வுக்கு. டி.என்.ஏ. நகலெடுக்கப்படுவது செல்லின் உட்கருவில். ஆகவே ஒரு புரதம் அதை உட்கருவிலிருந்து வெளியே கொண்டுவருகிறது. மற்றது செல்லைத் தாண்டி அனுப்புகிறது.

இதில் ஆச்சரியமான ஒரு சேதி உண்டு. இலங்கை வைரஸின் ஏ வட்டம் தனியாகவே, பி துணையில்லாமல், ஆய்வகத்தில் பயன்படும் ஒருவகைப் புகையிலையைத் தாக்கக்கூடியது. அதன் பி வட்டமோ இந்திய வைரஸின் பி வட்டத்தோடு மிகவும் ஒத்துப்போகிறது. ஒரு காலத்தில் ஒற்றை வட்டமாக இருந்த வைரஸ், இந்திய வைரஸிடமிருந்து பி வட்டத்தைச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று 2002இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நகரும் திறமையையே ஒரு வைரஸ் இன்னொன்றிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியும் என்றால், ஒரே வயலில் இரண்டு வைரஸ் சேர்ந்து வருவதை நாம் இன்னும் கவலையோடு பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு இலையில் வந்த வைரஸ் செடி முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் செல்லைத் தாண்டத்தான் நேரம் பிடிக்கும். புகையிலைத் தேமல் வைரஸுக்கு அது சுமார் 20 மணி நேரம். அடுத்தடுத்த செல்களை 3, 4 மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கடக்கிறது. இப்படியே நகர்ந்து நரம்பை எட்டி, துணைச் செல் வழியாகச் சல்லடைக் குழாய்க்குள் (இலை செய்த சர்க்கரையைச் செடி முழுக்கக் கொண்டுபோகும் குழாய்; துணைச் செல் அதை ஒட்டியிருக்கும்) விழுந்துவிட்டால் வேகமே வேறு. சர்க்கரை ஓடும் ஓட்டத்தோடு சேர்ந்து மணிக்குச் சில சென்டிமீட்டர் போய்விடும்.

1934இல் சாமுவேல் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் இதைத் தக்காளியில் அழகாகக் காட்டினார். பல செடிகளில் ஒரே இடத்தில், ஓர் இலையின் நுனிச் சிற்றிலையில், வைரஸைத் தேய்த்தார். பிறகு நாள் கணக்கு வைத்து ஒவ்வொரு செடியாக எடுத்துத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டில் வைரஸ் இருக்கிறது என்று சோதித்தார். முதல் சில நாள் வைரஸ் அந்த இலையை விட்டு வெளியேறவில்லை. வெளியேறியதும் நேராக வேருக்கு ஓடியது. அடுத்து மேலே தளிருக்கு. நடுவில் இருந்த முற்றிய இலைகளை அப்போதைக்குத் தொடவே இல்லை. செடி முழுக்க நிறைய 25 நாள் ஆனது.

சர்க்கரை எங்கே தேவையோ அங்கேதான் சல்லடைக் குழாய் ஓட்டம் போகும். வேரும் தளிரும் வாங்கும் இடங்கள், முற்றிய இலை கொடுக்கும் இடம். தோட்டத்தில் தேமல் அறிகுறி முதலில் கொழுந்தில் தெரிவதற்கும், வைரஸ் வருவதற்கு முன்பே விரிந்து முடிந்த பழைய இலைகள் பச்சையாகவே நிற்பதற்கும் இதுதான் காரணம்.

செடி சும்மா பார்த்துக்கொண்டா இருக்கும்?

இருக்காது. துளையின் இரு வாயிலும் கேலோஸ் என்ற சர்க்கரைப் பொருளைப் பூசி வழியை இறுக்கும். கேலோஸைக் கரைக்கும் நொதி குறைவாக உள்ள புகையிலைச் செடிகளை 2000இல் சோதித்தபோது, அவற்றில் வைரஸ் மெதுவாகவே பரவியது.

இரண்டாவது தடுப்பு, வைரஸின் ஆர்.என்.ஏ.யைத் துண்டு துண்டாக நறுக்குவது. அந்தச் சின்னத் துண்டுகள் அதே துளைகள் வழியாக வைரஸுக்கு முன்னே போய், அடுத்த செல்களை எச்சரித்துவிடுகின்றன. துளையை ஒரேயடியாக அடைத்தால் செடியின் இந்த எச்சரிக்கையும் நின்றுபோகும், சர்க்கரையும் நின்றுபோகும்.

மூன்றாவது, நேரடியாக நகர்வுப் புரதத்தையே அடையாளம் காண்பது. தக்காளியின் காட்டு உறவொன்றிலிருந்து எடுத்த டி.எம்-2² என்ற மரபணு, தேமல் வைரஸின் நகர்வுப் புரதம் கண்ணில் பட்டதும் அந்தச் செல்லைச் சாகவிட்டு வைரஸை அங்கேயே முடக்கும். அரை நூற்றாண்டுக்கு மேல் தக்காளியைக் காத்தது இது. 2014இல் இஸ்ரேலிலும் 2015இல் ஜோர்டானிலும் தென்பட்ட தக்காளி பழுப்புச் சொரசொரப்புக் காய் வைரஸ் அதைத் தாண்டிவிட்டது. எப்படி? தன் நகர்வுப் புரதத்தை இந்த மரபணுவால் அடையாளம் காண முடியாதபடி மாற்றிக்கொண்டுதான். இன்று உலகம் முழுக்கத் தக்காளி வளர்ப்பவர்கள் அஞ்சும் நோய் இது.

வைரஸ் இல்லாத செடியிலும் புரதங்கள் இப்படிப் போகின்றனவா?

போகின்றன. நான் இதை முதலில் சொல்லியிருக்கலாம், ஆனால் அறிவியலில் வைரஸ்தான் முன்னால் வந்தது. 1995இல் மக்காச்சோளத்தின் நாட்டட்-1 என்ற புரதம், தான் உருவான செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்குப் போவது தெரியவந்தது. கூடவே தன் ஆர்.என்.ஏ.யையும் அது கொண்டுபோனது. 2001இல் வேரில் ஒன்று: ஷார்ட்-ரூட் என்ற புரதம் வேரின் நடுப்பகுதியில் உருவாகி, சுற்றியுள்ள ஓர் அடுக்கு செல்லுக்குப் போய், நீ அகத்தோலாக மாறு என்று கட்டளையிடுகிறது.

பூப்பதும் இப்படித்தான். இலையில் ஏதோ ஒன்று உருவாகித் தண்டின் நுனிக்குப் போய்ப் பூக்கவைக்கிறது என்று 1930களில் சோவியத் ஆய்வாளர் சைலாக்யான் சொன்னார். அது எஃப்.டி. என்ற சிறிய புரதம் என்று 2007இல்தான் தெளிவானது. இலையின் நரம்பில் உருவாகிச் சல்லடைக் குழாய் வழியே நுனிக்குச் சேர்கிறது.

பூசணியின் சல்லடைக் குழாய்ச் சாற்றில், வைரஸ் நகர்வுப் புரதத்துக்கு உறவான புரதம் ஒன்றை 1999இல் கண்டார்கள். அதுவும் ஆர்.என்.ஏ.யைச் சுமந்து போகிறது. செடி தனக்காக வைத்திருந்த போக்குவரத்தைத்தான் வைரஸ் பிடித்துக்கொண்டது என்று நான் உறுதியாக நம்புவதற்கு இவையெல்லாம் காரணம்.

விலங்குகளில்?

சுவர் இல்லை, அதனால் வழிகளும் வேறு. பக்கத்துச் செல்களை இணைக்கும் இடைவெளிச் சந்திப்புகள் ஏறத்தாழ ஆயிரம் டால்டன் வரை விடும். செல்களுக்கு நடுவே நீளும் மெல்லிய சவ்வுக் குழாய்களை 2004இல் விவரித்தார்கள். எச்.ஐ.வி.யின் டாட் புரதம் வெளியிலிருந்தே செல்லுக்குள் நுழையும் என்பது 1988இலிருந்து தெரியும்.

தேமல் வந்த காயைச் சாப்பிட்டால் நமக்கு ஏதாவது ஆகுமா?

ஆகாது. மிளகாய் மெல்தேமல் வைரஸ் மனிதக் கழிவில் ஏராளமாக இருப்பது 2006இல் தெரியவந்தது. நாம் சாப்பிட்டது அப்படியே வெளியே வருகிறது, அவ்வளவுதான். நம் செல்லில் பெருகும் ஏற்பாடும் அதற்குக் கிடையாது, அது திறக்கத் தெரிந்த துளைகளும் நமக்குக் கிடையாது.

நோய் வந்த ரகத்திலிருந்து நோயில்லாத கன்று எடுக்க முடியுமா?

முடியும். தண்டின் உச்சியில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத வளர்நுனிக்குள் பல வைரஸ்கள் நுழைய முடிவதில்லை. அங்கே நரம்பு இன்னும் உருவாகவில்லை, ஆர்.என்.ஏ.யை நறுக்கும் காவலும் கடுமை. 1952இல் பிரான்சில் மொரெலும் மார்ட்டினும் நோயுற்ற டாலியாச் செடியின் நுனியை மட்டும் வெட்டி வளர்த்து, வைரஸ் இல்லாத செடியை எடுத்துக்காட்டினார்கள். வாழை, உருளை, மரவள்ளியில் இன்று திசு வளர்ப்புக் கன்று கிடைப்பதற்கு இந்த வேலைதான் அடித்தளம். கன்று வாங்கும்போது, வைரஸ் சோதனை செய்த தாய்ச்செடியிலிருந்து வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். திசு வளர்ப்பு என்ற பெயர் மட்டும் போதாது.

தெளித்தால் வைரஸ் போகிற மருந்து இருக்கிறதா?

இல்லை. செடிக்குள் பரவிய வைரஸை வயலில் குணப்படுத்தும் மருந்து எதுவும் இன்று கிடையாது. அப்படிச் சொல்லி விற்றால் வாங்காதீர்கள். மரவள்ளியில் நோயில்லாத செடியிலிருந்து மட்டும் குச்சி வெட்டுங்கள், நோயைப் பரப்பும் வெள்ளை ஈயைக் கவனியுங்கள். தக்காளி, மிளகாய், புகையிலையில் தேமல் வைரஸ் கையாலும் கத்தியாலும் பரவும். நோய்ச் செடியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த வரிசைக்குப் போங்கள். சந்தேகமான செடியைக் கொழுந்தில் முதல் திட்டு தெரிந்த அன்றே பிடுங்கிவிடுங்கள். கீழ் இலைகள் பச்சையாக இருக்கின்றனவே என்று விட்டுவைத்தால், அதற்குள் வைரஸ் வேர் வரை போய்ச் சேர்ந்திருக்கும்.